இருவருக்கும் ஒரு கோடு

இரட்டைப் பிள்ளை பெற்றவனை எங்கள் ஏரிக்கரையில் யாரும் வாழ்த்துவதில்லை. திட்டுவார்கள். வாழ்த்தினால் கண் பட்டுவிடும், திட்டினால்தான் பிள்ளைகள் தங்கும் என்பது வழக்கம். என் தம்பி ஒண்டியெக்குக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தபோது கரையே திரண்டு வந்து வாசலில் நின்று வசை பாடியது. ஒண்டியெக் என்றால் எங்கள் பேச்சில் கழுதைப்புலி. பெயரே அப்படி இருந்தால் திட்டுகிறவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

"டேய் கழுதைப்புலி, ஒண்ணு ஒண்ணா இறக்கத் தெரியாதாடா உனக்கு? அப்படி என்ன அவசரம்?"

"அவசரம் இல்லப்பா, பேராசை. ஒரு மீன் வாங்கினா இன்னொண்ணு கொசுறு கேக்கிறவன்தானே இவன்!"

நானும் என் பங்குக்குத் திட்டினேன். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் அன்று எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் அவுவோர். புருஷன் செத்ததும் அவன் தம்பியோடு வாழ வேண்டும் என்றார்கள். அவன் தம்பியை நான் பார்த்திருக்கிறேன், முடியாது என்று சொல்லிவிட்டுப் பிறந்த ஊருக்கு வந்துவிட்டேன். கட்டிக் கொடுத்த பெண் பிறந்த வீட்டு வளவுக்குள் குடியிருக்கக் கூடாது என்பார்கள். சரி, வேலிக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை போட்டு மீன் பொரித்து விற்கிறேன். வேலி எனக்கும் தம்பிக்கும் நடுவில்தான். பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல, நாளுக்கு நூறு தரம் தாண்டி வருவார்கள்.

முதலில் வந்தவள் அபியோ, பின்னால் வந்தவள் அதோங்கோ. இரட்டையில் மூத்தவளுக்கும் இளையவளுக்கும் எங்கள் ஜனங்களில் அதுதான் பெயர், யோசிக்கிற வேலை மிச்சம். இரட்டையருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. ஒருத்திக்குக் கொடுத்ததை மற்றவளுக்கும் கொடுக்க வேண்டும். ஒரு சட்டை என்றால் இரண்டு சட்டை, ஒரு அடி என்றால் இரண்டு அடி. மறந்தால் விடுபட்டவள் மனம் வெதும்பி நோயில் விழுவாள் என்பார்கள்.

இந்தச் சட்டம் கடவுளுக்குத் தெரியவில்லை. அவர்கள் தாய் அபொண்டியிடம் இருந்த எச்.ஐ.வி. ஒருத்திக்கு வந்தது, ஒருத்திக்கு வரவில்லை. ஆறு வாரக் குழந்தைகளாக இருக்கும்போது குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து வைரஸைத் தேடினார்கள். அபியோ தப்பித்தாள். அதோங்கோவிடம் இருந்தது. அந்த வாரமே அவளுக்கு மருந்து தொடங்கிவிட்டார்கள்.

அந்த மருந்துத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். வேப்பெண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்த மாதிரி இருந்தது, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை துப்பும். ஒண்டியெக் மறுபடி ஊட்டுவான். மறுபடி துப்பும். வலை இழுத்துக் காய்த்துப்போன கையில் ஊசியில்லாத அந்தச் சின்ன சிரிஞ்சை வைத்துக்கொண்டு அவன் அழுததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் ஒரு வேளை தவறவிட்டதில்லை. இரட்டையருக்கு மூன்று வயதில் அபொண்டி போய்ச் சேர்ந்தாள். அவளை அடக்கம் செய்த அன்று சாயங்காலம்கூட ஏழு மணிக்கு அவன் கூட்டத்திலிருந்து எழுந்து மருந்து கொடுக்கப் போனான். என் தம்பியை ஆயிரம் திட்டுவேன், அந்த ஒரு விஷயத்தில் அவனுக்கு ஈடு கிடையாது.

அபியோவுக்கு விவரம் தெரிந்ததும் தனக்கும் வேண்டும் என்று அழ ஆரம்பித்தாள். சட்டம் சட்டம்தானே? அவளுக்குச் சத்து மருந்து ஒன்று வாங்கி, அதே மாதிரி சிரிஞ்சில், அதே நேரத்தில் ஊட்டினான். பிறகு மாத்திரை வந்தது. அதோங்கோவுக்கு நீளமான வெள்ளை, அபியோவுக்கு உருண்டையான ஆரஞ்சு. ஒரே தகர டப்பாவில் இரண்டும் இருக்கும். ராத்திரி மீன்பிடிக்கும் விளக்குப் படகுகள் ஏரியில் கிளம்புகிற நேரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீரோடு இரண்டு பேரும் நிற்பார்கள்.

ஐந்து வயதில் கரையில் தட்டம்மை வந்தது. ஒன்பது மாதத்தில் இருவருக்கும் ஒரே நாளில், ஒரே நர்ஸ் கையால், ஒரே ஊசி போட்டிருந்தோம். அபியோவை அம்மை தொடக்கூட இல்லை. அதோங்கோவை அது புரட்டி எடுத்துவிட்டது. கண் திறக்கவில்லை, வாயெல்லாம் புண். ஊசி போட்டும் இப்படியா என்று நான் ஆஸ்பத்திரியில் போட்ட சத்தத்தில் மூன்றாவது கட்டில் நோயாளி எழுந்து நடந்தே போய்விட்டார்.

"இந்தப் பிள்ளைங்களுக்கு இப்படி ஆகறதுண்டும்மா," என்றார் டாக்டர் ஒமொல்லோ. அப்போது அவர் வேலைக்குப் புதிது, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "மருந்து வைரஸை அடக்கி வெச்சிருக்கு. ஆனா உடம்போட காவல் படை பொறந்ததும் அடி வாங்கின படை. ஊசி சொல்லிக் கொடுத்த பாடத்தை மறந்துடுது. தேறினதும் மறுபடி போடணும்."

தேறினாள். மறுபடி ஊசி போட்டார்கள். அதோங்கோ சட்டைக் கையை இறக்குவதற்குள் அபியோ தன் கையை நீட்டினாள்.

"உனக்கு வேண்டாம்டி செல்லம், உனக்கு ஏற்கனவே ஞாபகம் இருக்கு," என்றார் டாக்டர்.

"எனக்கும் போடுங்க. அவ மட்டும் அழுதா அசிங்கமா இருக்கும்."

போட்டார்கள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். அந்தப் பெண்ணை நான் அன்றே கவனித்து வைத்துக்கொண்டேன்.

பதினோரு வயதில் இருவரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னோம். யாருக்கு என்ன, யார் முழுங்குவது என்ன, எல்லாம். அபியோதான் கேட்டாள்.

"அப்ப என் மாத்திரை சும்மாவா?"

"சும்மான்னு இல்ல, சத்து மாத்திரை. வேண்டாம்னா விட்டுடலாம்," என்றேன்.

நகத்தைக் கடித்துத் துப்பினாள். "அவ நிறுத்தற அன்னிக்கு நான் நிறுத்தறேன்," என்றாள்.

இப்படியாகப் பதினைந்து வயது வந்தது. அந்த வருஷம் படகுத்துறை அணிகளுக்கு நடுவே கால்பந்துப் போட்டி நடந்தது. மைதானத்து ஓரத்தில் இளைஞர் சங்கத்துக்காரர்கள் கூடாரம் போட்டு, பதினைந்து வயது ஆனவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து எச்.ஐ.வி. இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம் என்று ஒலிபெருக்கியில் கூவினார்கள். சோதித்தால் ஒரு குளிர்பானம் இலவசம். அபியோ குளிர்பானத்துக்காகப் போனாள். தனியாகப் போவாளா? தங்கையையும் இழுத்துக்கொண்டு போனாள்.

விரலில் ஒரு குத்து, பட்டையில் ஒரு சொட்டு. ஒரு கோடு வந்தால் ஒன்றுமில்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. அபியோவுக்கு ஒரு கோடு. அதோங்கோவுக்கும் ஒரு கோடு.

இருவரும் ஓடி வந்தபோது நான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அதோங்கோ என் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் ஒரு முழு ம்புட்டா மீன் சட்டிக்குள் போய்விட்டது.

"அத்தை! ஒரே கோடு! எனக்கு ஒரே கோடு!"

"என்ன கோடு, எந்தக் கோடு? எண்ணெயில விழுந்து தொலையாதே!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்த ம்புட்டா கருகிப்போனது. ஒண்டியெக் அதை நம்பாமல், மறுநாளே மருந்துக் கடைக்குப் போய் வீட்டிலேயே பார்க்கிற சோதனைப் பட்டை வாங்கி வந்தான். அதிலும் ஒரு கோடு. வேறு கடையில் இன்னொன்று வாங்கினான். அதிலும் ஒன்றுதான். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, போயிடுச்சு. என் பிள்ளைக்குப் போயிடுச்சு."

"டேய், அது போற வியாதி இல்லடா."

"அப்ப இந்தக் கோடு என்ன? மூணு பட்டையும் பொய் சொல்லுதா? பதினைஞ்சு வருஷம் கொடுத்த மருந்து வேலை செஞ்சிடுச்சுன்னு ஏன் நினைக்கக் கூடாது? நீ எப்பவுமே கெட்டதைத்தான் முதல்ல பாப்பே."

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குத் தகர டப்பா வந்தது. அதோங்கோ தன் டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு வெள்ளை மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டாள். ஒண்டியெக் பார்த்தும் பார்க்காத மாதிரி வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். ஒரு வேளை தவறவிடாதவன்! நான் அபியோவைப் பார்த்தேன். அவள் நிறுத்தினால் நானும் நிறுத்துவேன் என்றவள் அல்லவா? அவள் நிறுத்தவில்லை. தங்கைக்கு எதிரில் நின்று, தன் ஆரஞ்சு மாத்திரையை ஊருக்கே கேட்கிற மாதிரி மடக்கென்று முழுங்கினாள்.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டேன், வரவில்லை, ஏரிக்குப் போய்விட்டான். பெண்கள் இருவரையும் நானே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒமொல்லோவுக்கு இப்போது மீசை இருக்கிறது, தலைமுடிதான் குறைந்துவிட்டது. கதையைக் கேட்டுவிட்டுப் பேனாவை வைத்தார்.

"அதோங்கோ, வியாதி உன்கிட்ட இருக்கு. சோதனையும் பொய் சொல்லலை. அந்தப் பட்டை வைரஸைத் தேடறதில்லை. வைரஸைப் பாத்ததும் உடம்பு ஆன்டிபாடின்னு ஒண்ணு செய்யும், அதைத்தான் தேடுது. உனக்கு ரொம்பச் சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சதால..."

"டாக்டர், மனுஷ பாஷையில பேசுங்க," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "உங்க வீட்டு போலீஸ் எப்படி இருக்கு?"

போலீஸ் என்பது எங்கள் நாய். போன கோடையில் படகு மோட்டார் திருட வந்தவனை ஒண்டியெக் வலைக் கிடங்குக்குள் வைத்துப் பூட்டிய கதை கரை முழுக்கத் தெரியும். அப்போது போலீஸ் ஊர் சுற்றப் போயிருந்தது. திரும்பி வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்து, நிஜப் போலீஸ் வரும்வரை நிம்மதியாகத் தூங்கியது. மீன் வாடையில் வேறு எந்த வாடையும் அதற்குத் தெரியவில்லை. ஒரு குரைப்பு இல்லை.

"நாய் குரைக்கலை. அதனால கிடங்குக்குள்ள திருடன் இல்லையா?" என்று கேட்டார் டாக்டர். "உன் உடம்போட நாய் அவனைப் பாக்கறதுக்கு முன்னாலேயே, நீ ஆறு வாரக் குழந்தையா இருக்கும்போதே, உங்க அப்பா அவனை மருந்தால பூட்டிட்டார். உங்க அம்மாகிட்டேருந்து வந்த குரைப்பு, அதான் அந்த ஆன்டிபாடி, ஒண்ணரை வயசுக்குள்ள கரைஞ்சு போச்சு. உன்னோட நாய் அவனைப் பாத்ததே இல்லை. பட்டை கேக்கறது குரைப்புச் சத்தத்தை மட்டும்தான்."

நான் தலையாட்டினேன். அதோங்கோ ஆட்டவில்லை.

"போன மாசம் வைரஸை எண்ணறதுக்கு ரத்தம் எடுத்தீங்களே. அதுல என்ன வந்துச்சு?"

"எண்ணற அளவுக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு."

"நாயும் குரைக்கலை, எண்ணினாலும் ஒண்ணுமில்லை. உள்ள இருக்கான்னு நீங்க சொல்றீங்க. கதவைத் திறந்தாத்தானே தெரியும்?"

"மாத்திரைதான் பூட்டு. நிறுத்தினா சில வாரத்துல வெளியே வருவான். அப்ப நாய் நல்லாவே குரைக்கும், பட்டையில ரெண்டு கோடு வரும். ஆனா அதுக்குள்ள வீடு சூறையாடப்பட்டிருக்கும்."

"அப்ப என்னை நம்பச் சொல்றீங்க. கண்ணால பாக்காம."

அந்த இடத்தில் வேறு டாக்டர் இருந்தால் பெரிய பெரிய வார்த்தைகளைக் கொட்டி அவளை மடக்கியிருப்பார்.

"ஆமா," என்றார். "நம்பத்தான் சொல்றேன்."

எனக்குக் கோபமும் பெருமையும் ஒன்றாக வந்தன. பதினைந்து வயதுப் பெண், படித்த மனிதரை நேராகப் பார்த்து இப்படிக் கேட்கிறாள். வக்கீலுக்குப் படிக்க வைக்க வேண்டிய வாய். அந்த வாய்க்குள் மாத்திரையைத்தான் போக வைக்க முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் அபியோ முன்னால் போய்விட்டாள். அதோங்கோ என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அத்தை, கூடாரத்துல எங்க ரெண்டு பட்டையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. எது யாரோடதுன்னு தெரியலை. பொறந்ததிலேருந்து எங்களுக்கு எல்லாம் ஒண்ணு. இது ஒண்ணுதான் வேற. அன்னிக்குத்தான் இதுவும் ஒண்ணாச்சு."

திட்டத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தேற்றத் தெரியாது. "வெயில் அடிக்குது, வேகமா நட," என்றேன்.

அந்த வாரம் முழுக்க வெள்ளை மாத்திரை டப்பாவிலேயே கிடந்தது. கெஞ்சினேன். கத்தினேன். உகாலிக் களி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், நாய்க்கு மருந்து வைப்பது போல. ஒண்டியெக்கோ சனிக்கிழமை விருந்து வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டான். ஒரு கோழி போதாது, இரட்டையருக்கு இரண்டு. யாழ்க்காரன் ஒகாச் வருகிறான். கரையே வருகிறது.

"விருந்து எதுக்குடா?"

"என் பிள்ளைங்க ரெண்டும் ஒரே மாதிரின்னு எல்லார் முன்னாலயும் சொல்லப்போறேன். பக்ருவோக் போடப்போறேன்."

எங்கள் விருந்துகளில் இது உண்டு. பாட்டு நடக்கும்போது ஒருவர் எழுந்து நிறுத்து என்பார், யாழ்க்காரன் கையில் காசு வைப்பார், தன்னையோ தனக்குப் பிரியமானவரையோ வாயாரப் புகழ்வார். அதுதான் பக்ருவோக். நேராகப் புகழக் கூடாது, சுற்றி வளைக்க வேண்டும். யாருக்குப் புரிய வேண்டுமோ அவர்களுக்குப் புரிந்தால் போதும். ஒண்டியெக் தன் வரிகளை மூன்று நாளாகப் படகில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். அவன் அதை ஒருமுறை ஊர் முன்னால் சொல்லிவிட்டால் பிறகு அந்தப் பெண் மருந்தைத் தொடப்போவதே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சொன்ன அப்பனைப் பொய்யனாக்குவாளா?

சனிக்கிழமை வளவு நிறைந்துவிட்டது. வந்தவர்கள் வழக்கப்படி திட்டிக்கொண்டே வந்தார்கள்.

"கழுதைப்புலி, பதினைஞ்சு வருஷம் கழிச்சும் ரெண்டுல எது எதுன்னு தெரியலையேடா!"

"பெத்தவனுக்கே தெரியாது, உனக்கெப்படித் தெரியும்?"

ஒகாச் எட்டு நரம்பு யாழைத் தொடையில் வைத்து, கால் கட்டை விரல் வளையத்தால் தாளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்தது. ஏரியில் முதல் விளக்குப் படகு கிளம்பியது. ஒண்டியெக் சட்டையைச் சரிசெய்துகொண்டு, கையில் காசோடு எழுந்தான்.

அதே நேரத்தில் அபியோ வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். ஒரு கையில் தகர டப்பா, மறு கையில் இரண்டு டம்ளர். நேராகத் தங்கையிடம் போனாள். அவர்கள் வேலியோரம் என் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்கு எல்லாம் கேட்டது.

"இந்தா," என்று ஆரஞ்சு மாத்திரையைத் தங்கை கையில் வைத்தாள். வெள்ளையைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"என்னடி பண்றே?"

"கோடு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? யார் எதை முழுங்கினா என்ன? இத்தனை வருஷம் ஆரஞ்சு எனக்கு. இன்னிக்கு வெள்ளை எனக்கு."

"அபியோ, அதை வெச்சிடு. உனக்கு ஒத்துக்காது."

"உனக்கு மட்டும் ஒத்துக்குமா? நாம ஒண்ணுன்னுதானே அப்பா கோழி அடிச்சிருக்கார்?"

"விளையாடாதே. அது உனக்குத் தேவையில்லாத மருந்து."

"உனக்கும் தேவையில்லைன்னு வாயைத் திறந்து சொல்லு. இப்பவே கீழே போட்டு மிதிச்சிடறேன்."

அதோங்கோவுக்கு வாய் அசைந்தது, பேச்சு வரவில்லை. டாக்டரையே மடக்கிய வாய்.

"அம்மை ஊசியை மறந்த உடம்புடி உன்னுது," என்றாள் அபியோ. "நான் அப்ப உன் பக்கத்துலதான் படுத்திருந்தேன், நீ கண்ணைத் திறக்கலை. அந்த உடம்பு ஒண்ணுமில்லைன்னு சொன்னா அதை நம்புவே, என்னை நம்ப மாட்டியா? சரி, நீ முழுங்கலைன்னா நான் முழுங்கறேன். இன்னிக்கும், நாளைக்கும், அதுக்கடுத்த நாளும். ஒருத்தி செஞ்சதை இன்னொருத்தி செய்யணும்ல? பதினைஞ்சு வருஷம் நீ முழுங்கினே. இனிமே என் முறை."

வெள்ளை மாத்திரையை வாயில் போட்டு டம்ளரைத் தூக்கினாள்.

அதோங்கோ பாய்ந்தாள். டம்ளர் ஒரு பக்கம் பறந்தது. அக்காவின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டாள்.

"துப்பு! குடு! அது என்னோடது! என்னோடதுடி அது!"

எச்சில் ஒட்டிய மாத்திரை அவள் விரலில் வந்தது. ஒரு நொடி அதைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்கூட இல்லாமல் தன் வாயில் போட்டு முழுங்கினாள். முழுங்கிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. "பாருங்கப்பா, கல்யாண வயசு வந்தும் மிட்டாய்ப் பங்குக்கு அடிச்சுக்கறாளுங்க! கழுதைப்புலி, இன்னொரு பொட்டலம் வாங்கிப் போடேண்டா!"

ஒண்டியெக் காசோடு நின்ற இடத்திலேயே நின்றான். அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் அந்த ஒரு வாரம் இருந்த வெளிச்சம் போய்விட்டது. பதினைந்து வருஷம் மருந்து கொடுத்த பழைய ஒண்டியெக்கின் முகம் திரும்ப வந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அவன் சொல்லி வைத்திருந்த வரிகள் இனி உதவாது.

நான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தேன். அவன் கையிலிருந்த காசைப் பிடுங்கினேன்.

"நிறுத்து!" என்றேன். ஒகாச் யாழை நிறுத்தினான். காசை அவன் மடியில் போட்டேன்.

"நான் அவுவோர்!" என்று கத்தினேன். "எவன் தம்பியும் வேண்டாம்னு வந்தவ! மீனுக்கு முள் இருக்கிற மாதிரி நாக்கு உள்ளவ! இன்னிக்கு நான் யாருன்னு கேளுங்க!"

"யாரு? யாரு?" என்றது கூட்டம்.

"நாய் குரைக்காத வீட்டுலயும் பூட்டைத் தொட்டுப் பாக்கிறவளோட அத்தை! கண்ணால பாக்காத திருடனுக்கும் காவல் நிக்கிறவளோட அத்தை! கசப்பு தட்டுல வந்தா, இது என்னோடதுன்னு கையை நீட்டி வாங்கிக்கிறாளே, அந்தச் சிறுக்கியோட அத்தை நான்!"

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நல்ல பக்ருவோக்கைக் கேட்டால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? விசில் பறந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். அதோங்கோவுக்குப் புரிந்தது. மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். உலகத்தில் எத்தனையோ வீரர்களைப் பற்றிப் பாடுகிறார்கள். ஆதாரம் ஒன்றுமில்லாமல், அழுதுகொண்டே, தன் பங்கைத் தானே எடுத்து முழுங்கிய இந்தப் பெண்ணைவிடப் பெரிய வீரத்தை நான் பார்த்ததில்லை.

ஒகாச் நரம்பில் கை வைத்தான். அபியோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கு?"

"உனக்கென்னடி?"

"ஒருத்திக்குக் கொடுத்தா இன்னொருத்திக்கும் கொடுக்கணும். எனக்கு எங்க?"

சரிதானே? சட்டம் சட்டம்தான். ஆனால் என்னிடம் காசு இல்லை, பொரித்த மீன்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒண்டியெக் பாக்கெட்டைத் துழாவிக்கொண்டிருந்தான். கிடைத்ததை ஒகாச்சின் மடியில் வைத்தான். படகில் மூன்று நாள் ஒத்திகை பார்த்தவன், இப்போது அந்த வரிகளை விட்டுவிட்டான்.

"நான் ஒண்டியெக்," என்றான். "ரெண்டு பேருக்கு அப்பன். ஒருத்தியைப் பத்தி அக்கா சொல்லிட்டா. இன்னொருத்தி..." அபியோவைப் பார்த்தான். "தன் பங்குல இல்லாத கசப்புக்கு, பக்கத்துல நின்னு இத்தனை வருஷம் முகம் சுளிச்சவ. அவளுக்கும் அப்பன் நான்தான். வேற ஒண்ணும் இல்ல எனக்குச் சொல்ல."

ஆண்பிள்ளை, படகுக்காரன், இத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதான். அபியோவும் அதோங்கோவும் ஆளுக்கொரு பக்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் கண் எரிந்தது, அடுப்புப் புகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"டேய் கழுதைப்புலி!" என்று என் முழுக் குரலில் கத்தினேன். "ரெண்டு கோழியும் ஆறிப்போகுது, நின்னு மூக்கு சிந்துறியே! வெக்கங்கெட்டவனே, பேராசை பிடிச்சவனே, ஒண்ணு கேட்டா ரெண்டு பெத்தவனே!"

கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டித் தீர்த்தோம். பிள்ளைகள் தங்க வேண்டும் அல்லவா?